எண்பத்து நாலு கிலோ எடைக்கல்

கல்யாணத்துக்கு முன்னால் நான் தின்ற பரோட்டாதான் என் மகள் நித்யாவின் உடம்பில் எடையாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நாலு மாதம் முழுசாக நம்பினேன். சும்மா இல்லை, பயந்து நம்பினேன். எந்தக் கடை, எத்தனை பரோட்டா, சால்னா எத்தனை கரண்டி என்று உட்கார்ந்து யோசித்து, கும்மிடிப்பூண்டி பைபாஸில் பந்தயம் கட்டிப் பதினோரு பரோட்டா உள்ளே தள்ளிய அந்த ஒரு சாயங்காலம்தான் காரணம் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். பந்தயத்தில் ஜெயித்தேன். பரிசு, இன்னொரு பரோட்டா.

இதை எழுதச் சொன்னவள் செல்வி. பல வருஷம் என்னோடு ஊர் ஊராக எடை மெஷின் தூக்கியவள். நான் முட்டிவலியைக் காரணம் காட்டி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, எங்கள் ஆய்வு நிலையத்தில் இப்போது அவள்தான் மேற்பார்வையாளர். போன வாரம் போன் செய்தாள்.

"சார், புது மெஷின் வந்துக்குது. ஏறி நின்னா எடை நேரா போனுக்கே பூடுது. புதுசா சேர்ந்ததுங்க, இதுக்கு எதுக்குக்கா வாராவாரம் இரும்புக் கல்ல தூக்கிகினுன்னு கேக்குதுங்கோ. நீங்க எழுதிக் குடுங்க சார்."

"நீயே சொல்லேன்."

"சொன்னேன். சிரிக்கறாங்கோ. நான் கதை வுடறேன்னு நெனைக்கறாங்கோ. நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டா நம்புவாங்கோ."

அதனால் எழுதுகிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் வே-பிரிட்ஜ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். லாரியை அப்படியே மேலே ஏற்றி எடை போடும் மேடைதான் வே-பிரிட்ஜ். பன்னிரண்டு வருஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரி எடை போட்டேன். காலையில் முதல் வேலை, கம்பெனியின் காலித் தண்ணீர் லாரியை மேடையில் ஏற்றுவது. அதன் எடை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். திரையில் அந்த எண் வந்தால் மேடை சரி. வராவிட்டால் மெக்கானிக்குக்கு போன். எளிமையான, அழகான முறை. இந்த அழகான முறைதான் பிற்பாடு என் மானத்தை வாங்கியது.

பிறகு அந்தக் கம்பெனி மூடியது. கவரைப்பேட்டைப் பக்கம் குழந்தைகளைப் பற்றி ஏதோ ஆய்வு நடக்கிறது, எடை போடத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொன்னார்கள். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ரஹிமா மேடம்.

"இதுக்கு முன்னாடி எதை எடை போட்டீங்க?"

"லாரி மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "குழந்தைங்க அதைவிடக் கஷ்டம். நிக்காது" என்றார். வேலை கிடைத்தது.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழவேற்காட்டுக்காரர். மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடையில் துணி அளப்பதைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, அளவு விஷயத்தில் அவரிடம் ஒரு விரற்கடை கூட ஏமாற்ற முடியாது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டியதும் இல்லை. நாம் என்ன சொன்னாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். இன்றைக்கு வெயில் அதிகம் மேடம் என்றால்கூட அதே கேள்வி. இரண்டு நிமிஷம் திட்டு வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பது பேஜார்.

எங்கள் ஆய்வு என்னவென்றால், சில குழந்தைகளுக்கு மட்டும் சின்ன வயதிலேயே எடை ஏன் மளமளவென்று ஏறுகிறது என்று பார்ப்பது. அம்மா வயிற்றில் இருக்கும்போதே குழந்தையைப் பதிவு செய்து, பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தம் கொஞ்சம் எடுத்து உறைய வைத்துவிடுவோம். அப்புறம் நாலு மாதத்துக்கு ஒரு தடவை எடை, உயரம், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு. இந்தத் துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். அதை நாக்கு சுளுக்காமல் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. புரிய இன்னும் அதிகம் ஆகியிருக்கும், மேடம் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லாவிட்டால்.

"கம்பெனியில மெஷினை ரிப்பேர் பண்ணும்போது சுவிட்ச்ல என்ன மாட்டுவீங்க?"

"செவப்பு அட்டை மேடம். ஆள் வேலை செய்றார், தொடாதேன்னு."

"அட்டை மாட்டினதால மெஷின் மாறிடுச்சா?"

"இல்ல மேடம். மெஷின் அதேதான். ஓடாது, அவ்ளோதான்."

"மரபணுவும் அப்படித்தான். அப்பா அம்மா குடுத்த எழுத்து மாறாது. அதுமேல சின்னச் சின்ன ரசாயன அட்டை மாட்டிக்கும். எது ஓடணும், எது சும்மா இருக்கணும்னு. வயித்துல இருக்கும்போது சாப்பாடு சரியா வரலைன்னா, வெளியில பஞ்சம் போலன்னு குழந்தையோட உடம்பு சில அட்டையை மாட்டிக்கலாம். கிடைக்கறதைச் சேத்து வைன்னு. வெளியில வந்து பார்த்தா பஞ்சம் இல்ல, தெருமுனையில பேக்கரி. அப்ப எடை ஏறலாம்."

"ஏறும்னு சொல்லுங்க மேடம்."

"ஏறலாம். நிச்சயமா ஏறும்னு தெரிஞ்சா நம்மளை எதுக்கு வேலைக்கு வச்சிருக்காங்க? அட்டையைக் கழட்டவும் முடியலாம். சாப்பாடு, ஓட்டம், தூக்கம், இதெல்லாம் சேர்ந்து."

இனி எடை போடும் முறை. செருப்பு, ஷூ கழற்ற வேண்டும். பை காலி செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பைகளிலிருந்து நான் எடுத்தவை: கோலி, புளியங்கொட்டை, பாதி தின்ற முறுக்கு, ஒரு தடவை உயிருள்ள பொன்வண்டு. மேடையின் நடுவில் நிறுத்தி, கை பக்கவாட்டில், கண் நேரே. எண் தெரியும் பெட்டி ஒரு ஒயரின் முனையில் இன்னொருவர் கையில் இருக்கும், நிற்கிறவருக்குத் தெரியாது. இரண்டு தடவை எடை. நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. இதில் ஒரு எழுத்து நான் பிசகியதில்லை. சத்தியம்.

பிசகியது வேறு இடத்தில். வாராவாரம் திங்கட்கிழமை மெஷினைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பத்துப் பத்துக் கிலோவாக இரண்டு இரும்பு எடைக்கற்கள் கொடுத்திருந்தார்கள். மெஷினில் ஏற்றினால் இருபது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கி எண்ணை மேலே கீழே நகர்த்திச் சரியாக்கலாம், அதே விகிதத்தில் எல்லா எடையும் மாறும். ஆபீஸ் மாடியில். ஜீப் கீழே. கல்லைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கினால் முட்டி கத்தும். ஒரு திங்கட்கிழமை, கல்லை வைத்துச் சரிபார்த்த கையோடு நானே மெஷினில் ஏறினேன். எண்பத்து நாலு. அடுத்த வாரம் ஏறினேன், எண்பத்து நாலு. அதற்கடுத்த வாரமும்.

"செல்வி, இனிமே கல்லு வேணாம். நான்தான் தண்ணி லாரி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. வே-பிரிட்ஜ் கதையைச் சொன்னதும் புரிந்து, "மூளைக்காரர் சார் நீங்க" என்றாள். இரண்டு கற்களும் ஆபீஸ் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் போயின. ஆறு வருஷம் நான் எண்பத்து நாலிலேயே நின்றேன். காலை நாஷ்டா ஆறு இட்லி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் போண்டா. அரசாங்க முத்திரை குத்திய கல்கூட அவ்வளவு நிலையாக இருந்திருக்காது.

ஏழாவது வருஷம் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அம்மாவின் சாப்பாடு, அம்மாவின் சர்க்கரை என்று பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று, "அப்பாக்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம். குழந்தை உருவாவதற்கு முன் அப்பா என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார் என்பதும்..." என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் பத்து வயது நித்யாவுக்குப் பள்ளிச் சீருடை இறுக்கிப்பிடிக்கிறது என்று தையற்காரரிடம் கொடுத்திருந்தோம். எழுந்து வெளியே வந்தேன். அங்கே எங்களுக்காகத் தட்டில் பஜ்ஜி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். பஜ்ஜி என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. வைத்துவிட்டேன்.

உள்ளே நிபுணர் அடுத்த வாக்கியமாக, இது எலிகளில் பார்த்தது, மனிதர்களில் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். செல்வி முழுதும் கேட்டிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று பின்னால் கேட்டேன்.

"நீங்க கேக்கலியே சார். நான் உங்க பஜ்ஜியத் துன்னுகினு இருந்தேன்."

அன்றிலிருந்து நான் மாறினேன். காலையில் அரை டம்ளர் கேழ்வரகுக் கூழ். மத்தியானம் வெண்டைக்காய், சோறு பேருக்கு. சாயங்காலம் மோர். நித்யாவுக்கு மிக்சர், பிஸ்கட், மூன்றாவது தோசை மூன்றும் தடை. என் மனைவிக்கு முதலில் சந்தேகம் வந்தது.

"இன்னாங்க, திடீர்னு உடம்பப் பாத்துக்கறீங்கோ. யாருக்குக் காட்ட?"

நான் அட்டையையும் சுவிட்சையும் பரோட்டாவையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. பொண்ணு பொறந்து பத்து வருசம் ஆவுது. இப்போ நீங்க பட்டினி கெடந்தா அவளுக்கு எப்டி எறங்கும்?"

அறிவியல்பூர்வமான கேள்வி. அதனால் கோபித்துக்கொண்டேன்.

இனி வரும் திங்கட்கிழமைகளைக் கவனியுங்கள். மெஷினில் ஏறி, கை பக்கவாட்டில், கண் நேரே, விதிப்படி நிற்பேன். எண் பெட்டி செல்வி கையில்.

"சார், மெஷினு நானூறு கிராம் கம்மியா காட்டுது."

"ரோடு அந்த மாதிரி. குலுங்கிக் குலுங்கி எறங்கியிருக்கும். ஏத்து."

பட்டன் சத்தம் கேட்கும். "ஆங், எண்பத்து நாலு."

"பாத்தியா செல்வி? ஒரு வாரம் கூழு குடிச்சேன். அதே எண்பத்து நாலு."

"உங்க உடம்பு வாகு சார்."

"வாகு இல்ல, மரபணு."

இப்படிப் பதினேழு திங்கட்கிழமை. வாரம் கிட்டத்தட்ட நானூறு கிராம் "மெஷின் இறங்கும்", நாங்கள் ஏற்றுவோம். நான் வெண்டைக்காயை இன்னும் குறைப்பேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் வழிந்தது. துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்றேன். மனைவி பெல்ட்டில் புதுசாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தாள். பெல்ட்டும் தளர்ந்துவிட்டது என்றேன்.

ஜீப்பை விடப் போகும் வழியில் வீட்டில் நிறுத்தி நித்யாவையும் மெஷினில் ஏற்றிப் பார்ப்பேன். முப்பத்தாறு இருந்தவள் முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

"நைனா, நான் பிஸ்கட்டே துன்னலியே. எப்டி ஏறுது?"

"அது நீ துன்னதில்லம்மா. நான் துன்னது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் வீட்டில் அறிவியல் அவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாலு மாதத்துக்கு ஒரு முறை வரும் சுற்று வந்தது. இரண்டே வாரத்தில் அறுபத்து நாலு பிள்ளைகள். முதல் நாளே எனக்கு வியர்த்துவிட்டது. ஏறுகிற பிள்ளை எல்லாம் எடை கூடியிருக்கிறது. ஒல்லிப் பையன் இரண்டு கிலோ, பூசினாற்போல இருப்பவன் நாலு கிலோ. எங்கள் விதிப்படி ஒரு கோட்டைத் தாண்டினால் வீட்டுக்குப் பிங்க் நிறச் சீட்டு போகும், கவனம் தேவை என்று. வழக்கமாக ஒரு சுற்றுக்கு நாலு சீட்டு போகும். அந்தச் சுற்றில் இருபத்திரண்டு.

சீட்டு போவதற்கு முன் மேடம் பார்க்க வேண்டும் என்பதும் விதி. மேடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் இருந்தார். நான் காத்திருக்கவில்லை. ஊரே பற்றிக்கொண்டு எரியும்போது கையெழுத்துக்குக் காத்திருப்பதா? பிள்ளைகளின் உடம்பில் இருக்கும் அத்தனை அட்டையும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது, காற்றில்தான் ஏதோ இருக்கிறது, இதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று எனக்குள் பயமும் பெருமையும் சேர்ந்து ஓடின. இருபத்திரண்டு சீட்டிலும் நானே கையெழுத்துப் போட்டேன். அழகாக வேறு போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளியிலிருந்து போன். ஐந்தாம் வகுப்பு கீர்த்தனா, கோ-கோ பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள். எங்கள் ஆய்வுப் பிள்ளை. நானும் செல்வியும் ஓடினோம். வராந்தாவில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"காலைல இன்னா சாப்ட்டமா?"

"வெள்ளரிக்கா."

"வேற?"

"அதான். பாதி. மீதிப் பாதிய அம்மா சாய்ங்காலத்துக்கு எடுத்து வெச்சிக்கறாங்கோ" என்றாள்.

அவள் அம்மா அமுதா சிப்காட்டில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர். கம்பெனியின் நீல மேலங்கியைக் கழற்றாமலேயே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். சண்டை போடுவார் என்று தயாரானேன். போடவில்லை. கைப்பையிலிருந்து பிங்க் சீட்டை எடுத்தார். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"நீங்க எழுதினதுதான் சார். இவ வயித்துல இருக்க சொல்லோ எனக்கு சோத்து வாசனையே ஆவாது. நைட் ஷிப்ட்டு. டீயும் பன்னும்தான். ரெண்டு கிலோ நூறு கிராம்தான் பொறந்தா. வயித்துல பட்டினி போட்டா பின்னாடி இப்டி ஊதும்னு உங்க ஆளுங்கதான மீட்டிங்ல சொன்னாங்கோ? எம் மாமியா டெய்லி சொல்லுது, நீ பண்ணதுதான்டி இதுன்னு. சீட்டு வந்தன்னிக்கு நான் வேலைக்கே போவல. நான் கெடுத்தத நான்தான சரி பண்ணணும்? அதான் சோத்த நிறுத்தினேன்."

எனக்கு என் பதினோரு பரோட்டா ஞாபகம் வந்தது. இந்த அம்மாள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் என் வீட்டில் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். என் வாயிலிருந்து வந்தபோது சாமர்த்தியமாக இருந்தது. அவர் வாயிலிருந்து கேட்டபோது சகிக்கவில்லை. "மூணு வேளையும் குடுங்கம்மா. டாக்டரம்மா வந்ததும் பேசறோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. சீட்டில் என் கையெழுத்து அவ்வளவு உறுதியாக இருந்தது.

மறுநாள் மேடம் வந்தார். தாள்களை விரித்தார். நான் காற்றில் ஏதோ இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பென்சில் கீழே போயிற்று.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"எல்லாப் புள்ளைக்கும் ஏறியிருக்கு மேடம். குண்டுப் புள்ளைக்கு அதிகமா, ஒல்லிப் புள்ளைக்குக் கம்மியா."

மேடம் ஒரு தாளில் பழைய எடை, புது எடை என்று வரிசையாக எழுதி வகுத்துப் பார்த்தார். பிறகு, "வளர்ற வயசுக்கு ஏறவேண்டியதைக் கழிச்சா எல்லாருக்கும் நூத்துக்கு ஒம்பது" என்றார். "அறுபத்து நாலு பேரும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி நூத்துக்கு ஒம்பது ஏற மாட்டாங்க. ஏறினது குழந்தைங்க இல்ல. திங்கக்கிழமை மெஷினை எதை வச்சுச் சரிபார்க்கறீங்க?"

செல்வி கூரையைப் பார்த்தாள்.

"என்னை வச்சு மேடம்."

"நீங்க எத்தனை கிலோ?"

"எண்பத்து நாலு."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"மெஷினை வச்சு மேடம்."

"மெஷின் சரின்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"என்னை வச்சு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மேடம் என் பெல்ட்டைப் பார்த்தார். அதில் மனைவி போட்ட இரண்டு ஓட்டையையும் தாண்டி, ஆணியால் நானே போட்ட மூன்றாவது ஓட்டை இருந்தது.

"சமீபத்துல இளைச்சிருக்கீங்களா?"

"இல்லியே மேடம். கூழுதான் குடிக்கிறேன், ஆனா ஒரு கிராம் எறங்கல."

மேடம் எழுந்து போய், தினமும் அவரே தாண்டி வந்த அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த எடைக்கற்களைப் பார்த்தார். நான் கற்களை எடுத்ததும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தூக்கி வந்தேன். முட்டி கத்தியது. மெஷினில் வைத்தோம். இருபது கிலோ இரும்பு, இருபத்தொன்று புள்ளி எட்டு என்று காட்டியது. இரும்புக்குப் பரோட்டா பழக்கம் கிடையாது.

மேடம் பட்டனை அமுக்கி இருபதுக்குக் கொண்டுவந்தார். "இப்ப ஏறுங்க."

ஏறினேன். எழுபத்தேழு.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மேடமும் சிரிப்பார் என்று பார்த்தேன். பென்சிலை எடுத்து, தாளின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். "தண்ணி லாரி டயட் இருக்காது. நீங்க இருப்பீங்க" என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு கீர்த்தனா எத்தனை நாளா சாப்பிடலை?"

"ரெண்டு வாரம் மேடம்."

"முதல்ல அங்க போவோம். நீங்கதான் சொல்லணும்."

ஜீப்பில் கற்கள் என் மடியில். வேறு இடம் இருந்தது, ஆனால் மடியில்தான் வைத்துக்கொண்டேன். கீர்த்தனா வீட்டு வாசலில் மெஷினை வைத்து, முதலில் கல்லை ஏற்றிக் காட்டினேன். இருபது. அமுதா எதற்கு என்று புரியாமல் பார்த்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வே-பிரிட்ஜ், தண்ணீர் லாரி, பரோட்டா, கூழ், திங்கட்கிழமை. ஒரு வரியையும் விடவில்லை. அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அப்போ, நீங்க எளைச்சதுக்கு நான் எம் பொண்ணப் பட்டினி போட்டனா?"

"ஆமாம்மா."

"த்தூ" என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முந்தானைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் வயித்துல வெச்சிகினு துன்னாம இருந்ததுல ஒண்ணுமே இல்லியா டாக்டரம்மா?"

மேடம் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். கீர்த்தனா எடை வயசுக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனா பயப்படற அளவுக்கு எப்பவுமே இல்ல. வாந்தி வர்ற பொண்ணுக்கு நைட் ஷிப்ட் போட்டது யாரு? நீங்களா? அப்புறம் எதுக்கு நீங்க கெடுத்ததா சொல்றீங்க? எதை வச்சுச் சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை அவ்வளவு மெதுவாக மேடம் கேட்டு நான் பார்த்ததில்லை. அமுதா முந்தானையை இறக்கினார்.

"மூணு வேளையும் சாப்பிடட்டும். பாக்கெட் நொறுக்கு வேணாம். நல்லா ஓடட்டும், நல்லா தூங்கட்டும். நாலு மாசம் கழிச்சு நாங்க வர்றோம். இவரோட இல்ல, இந்தக் கல்லோட."

கீர்த்தனா கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "கோ-கோ ஆடலாமா?"

"ஆடு."

"இட்லி?"

"முதல்ல அது."

அடுத்த மூன்று வாரம் மீதி இருபத்தொரு வீட்டு வாசலிலும் இதே கதையை நானே சொன்னேன். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏழாவது வீட்டில் சிரிப்பு வர ஆரம்பித்தது. பதினைந்தாவது வீட்டில் ஒருவர், "போன வாரம் பக்கத்து ஊட்ல சொன்னியாமே, இங்கியும் சொல்லு, எங்க மச்சானக் கூப்டறேன்" என்று ஆட்களைச் சேர்த்தார். அன்றிலிருந்து வேலையை விடும் நாள் வரை எல்லாத் திங்கட்கிழமையும் கல்லை நானே மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கினேன். விருப்ப ஓய்வுக்குக் காரணமான முட்டிவலி அதில் முற்றியதுதான். ஆபீஸ் கதவுக்கு ஒரு கொக்கி வைத்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே, நடந்தது இவ்வளவுதான். அறுபத்து நாலு பேரையும் மறுபடி எடை போட்டோம். பிங்க் சீட்டு வழக்கம்போல நாலு பேருக்கு மட்டும் நின்றது, மீதிப் பதினெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். என் மகள் நித்யா முப்பத்தாறு கிலோ. சீருடை இறுக்கிப்பிடித்தது அவள் உயரமாகிவிட்டதால். அந்தச் சுற்றில் எங்கள் மெஷின் ஏறிய எல்லோருக்கும் எடை கூடியதாகக் காட்டியது. அந்த மாதங்களில் உண்மையில் இளைத்தது இரண்டு பேர். நான் ஏழு கிலோ. கீர்த்தனா ஒரு கிலோ இருநூறு கிராம்.